ஊசி மாநகரத்துக்கு, மாத்திரை மாவட்டத்துக்கா?

"கேன்சர் எலும்புக்கு எறங்கிட்டு. இனி ஒண்ணும் செய்யுறதுக்கில்ல; வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க." பாபநாசம் தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தாமிரபரணி ஓடுகிற பாதை நெடுகப் பழகிப்போன பேச்சு இது. சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், மருந்துக்கடையில் சொல்கிறார்கள், கூட்ட நெருக்கடியில் மருத்துவர்கள் சிலரும் இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்லி அனுப்புகிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு படித்த வடிவமும் உண்டு. 'மாவட்டத்துக்கு அடிப்படை வசதி போதும். கட்டிக்குள் ஊசி செலுத்தி உறையவைப்பதெல்லாம் மாநகர மருத்துவமனைகளின் ஆடம்பரம். மார்ஃபின் மாத்திரையே ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் ஆர்கான் வாயு எதற்கு?' முதல் பேச்சு கையறு நிலையில் வருவது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது பேச்சு விவேகம் போலத் தோன்றுவது. திட்டம் போடுகிறவர்களின் வாயிலிருந்து வருவதால் அதுவே கொள்கையாகிவிடுகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: இடுப்பெலும்பில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிற ஒருவரின் கட்டில். இந்தக் கட்டுரை மறுப்பது அந்த இரண்டாவது பேச்சை. எலும்பில் பரவிய புற்றின் வலிக்கு உறைவிப்புச் சிகிச்சை மாவட்டத்தில் கிடைக்க வேண்டும். சொல்லப்போனால் மாநகரத்தைவிட மாவட்டத்துக்கே அது அதிகம் பொருந்தும்.

முதலில் வலியின் தன்மையைப் பார்க்க வேண்டும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுகள் எலும்பை நாடிச் செல்பவை. முற்றிய மார்பகப் புற்றிலும் புராஸ்டேட் புற்றிலும் ஏறக்குறைய 100 பேரில் 70 பேருக்கு எலும்பில் பரவல் இருக்கும். புற்றுச் செல் தானே எலும்பைத் தின்பதில்லை. எலும்பை இயல்பாக அரித்துப் புதுப்பிக்கிற செல்களை அது தூண்டிவிடுகிறது. அந்தச் செல்கள் சுரக்கும் அமிலம் எலும்பைக் கரைக்கிறது. எலும்பின் மேலுறையிலும் மஜ்ஜையிலும் இருக்கிற நரம்பு முனைகள் அந்த அமிலத்திலும் அழற்சியிலும் ஊறுகின்றன. மெலிந்துபோன எலும்பு உடல் எடை விழும்போதெல்லாம் நுண்ணிய விரிசல் காண்கிறது. இதனால் வலி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, இரவு பகல் விடாத குடைச்சல். மற்றொன்று, அசைந்தால் வெட்டுகிற வலி: எழுந்தால், இருமினால், பேருந்தில் ஏறினால் வருவது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் மடியில் சொளகை வைத்துக்கொண்டு நாள் முழுதும் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்ணுக்கு, பிசானப் பருவத்தில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு, இந்த இரண்டாவது வலிதான் பிழைப்பைப் பறிப்பது. குடைச்சலோடு உட்கார்ந்துவிடலாம், உட்காரும் எலும்பிலேயே கட்டி இருந்தால் உட்காரவும் முடியாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோய் உடம்பெங்கும் பரவியிருந்தாலும், ஆளை முடக்குகிற வலி பெரும்பாலும் ஓரிரு இடத்திலிருந்துதான் வருகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பலர் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். பரவிய நோய், ஆனால் ஓரிடத்து வலி. 'பரவிவிட்டது, ஆகவே செய்ய ஒன்றுமில்லை' என்ற வாதம் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறியதால் பிறந்தது.

மார்ஃபினைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த வலிநிவாரணப் படிக்கட்டின் உச்சியில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு. மருந்துக்காகச் சட்டப்படி அபின் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்கிற நம் நாட்டில், 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஏற்படுத்திய பயத்தால் மருத்துவமனைகள் பல ஆண்டுகள் மார்ஃபினைத் தொடவே அஞ்சின. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. 1993இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை இயக்கம் எளிய மார்ஃபின் மாத்திரையைக் கொண்டே ஒரு மாநிலத்தின் மனப்பான்மையை மாற்ற முடியும் என்று காட்டியது. இவ்வளவும் உண்மை. ஆனால் மார்ஃபின் நன்றாக வேலை செய்வது முதல்வகைக் குடைச்சலில். அசைவு வலியில் அதன் கணக்கு தடுமாறுகிறது. எழுந்து நடக்கும்போது வெட்டுகிற வலியை அடக்குமளவுக்கு மருந்தைக் கூட்டினால், படுத்திருக்கும் நேரத்தில் அதே அளவு ஆளை அரைமயக்கத்தில் ஆழ்த்திவிடும். படுத்திருக்கும்போது தெளிவாக இருக்கும் அளவுக்குக் குறைத்தால், எழுந்த மாத்திரத்தில் வலி வெட்டும். கூடவே தீராத மலச்சிக்கலும் குமட்டலும். வலிநிவாரண மருத்துவத்தில் அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் அறிந்த சிக்கல் இது. ஆகவே 'மாத்திரை போதும்' என்பது படுத்துக்கிடப்பவருக்குப் பாதி உண்மை, நடமாட வேண்டியவருக்கு அதிலும் பாதி.

கதிர்வீச்சைப் பற்றி, நம் பக்கத்து நோயாளிகளின் பேச்சில் 'கரண்டு வைப்பது' பற்றி, எதிர்வாதம் வலுவானது. அதனால் அதை முழுசாகவே எடுத்துக்கொள்வோம். எலும்புப் பரவலின் வலிக்கு முதல் தேர்வு கதிர்வீச்சுதான். அதில் எனக்கு மாறுபாடில்லை. 2007இல் சௌவும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே தடவை கொடுக்கும் 8 கிரே கதிர்வீச்சு 58 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தது. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தது 59 விழுக்காட்டினருக்கு. வேறுபாடு, ஒற்றைத் தவணை பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கு மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டது, மற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கு. (இந்த ஆதாரம் வந்து இவ்வளவு காலமாகியும், சிக்கலில்லாத எலும்பு வலிக்கும் பத்துத் தவணை எழுதுகிற பழக்கம் நம் நாட்டில் மறையவில்லை. பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். இடுப்பெலும்பு நொறுங்குகிற ஒருவரைப் பத்து நாள் பேருந்தில் போய்வரச் சொல்வது எந்த வகை வைத்தியம் என்று அதை எழுதுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.) ஆனால் அதே எண்களைத் திருப்பிப் படியுங்கள். 100 பேரில் சுமார் 40 பேருக்குக் கதிர்வீச்சு போதிய பலன் தரவில்லை. வலி முழுசாக மறைந்தவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை. பலன் கண்டவர்களுக்கும் அது முழுமையாகத் தெரிய மூன்று நான்கு வாரமாகும். இடையில் சிலருக்கு வலி ஏறித் தணியும். வலி திரும்பி வந்தால் மறுபடி கொடுக்கலாம்தான், ஆனால் பக்கத்தில் தண்டுவடமோ குடலோ இருந்தால் எத்தனை முறை கொடுக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சிறுநீரகப் புற்று போன்றவை கதிர்வீச்சுக்கு எளிதில் மசிவதில்லை. இந்த நாற்பது பேரைப் பற்றித்தான் வழக்கிலுள்ள கருத்து வாய் திறப்பதே இல்லை. அவர்களுக்கு மார்ஃபின் அளவைக் கூட்டுவதோடு நம் மாவட்ட மருத்துவம் முடிந்துவிடுகிறது.

உறைவிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது. குளிரால் புற்று வலியைத் தணிக்கலாம் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆர்நாட் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைக் கலந்து மார்பகத்திலும் கருப்பை வாயிலும் வெளியே தெரிந்த புற்றுகளின் மேல் வைத்து, வலி குறைவதையும் கட்டி சுருங்குவதையும் பதிவு செய்தார். அவரால் மேற்பரப்பைத்தான் தொட முடிந்தது. 1961இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் திரவ நைட்ரஜன் ஓடும் கம்பியைச் செய்து குளிரை உடலின் ஆழத்துக்குக் கொண்டுபோனார். இன்றைய கருவியில் மெல்லிய ஊசிக்குள் உயர் அழுத்த ஆர்கான் வாயு பாய்கிறது. நுனியில் குறுகிய துளை வழியே வெளிப்பட்டு விரியும்போது வெப்பத்தை உறிஞ்சி, பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால் இறங்குகிறது. சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் வைக்கிறார்கள். சுமார் பத்து நிமிடம் உறையவைத்து, சில நிமிடம் உருகவிட்டு, மீண்டும் பத்து நிமிடம் உறையவைக்கிறார்கள். செல்லுக்கு வெளியே உருவாகும் பனி உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது, உள்ளே உருவாகும் பனி சவ்வைக் கிழிக்கிறது, உருகும்போது நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு மிச்சமும் பட்டுப்போகிறது. எலும்பின் ஓரத்திலிருக்கும் நரம்பு முனைகளும் அதோடு அடங்குகின்றன. வெப்பத்தால் சுடுகிற ரேடியோ அதிர்வெண் முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, பனி கண்ணுக்குத் தெரிகிறது என்பது. மென்திசுவில் பனிக்கட்டி உருண்டை சி.டி. படத்தில் கறுத்து, விளிம்பு தெளிவாக வளர்வதைப் பார்க்கலாம். விளிம்பில் பூஜ்யம் டிகிரிதான், அது கொல்லாது. கொல்லும் குளிர் அதற்குச் சில மில்லிமீட்டர் உள்ளே, கழித்தல் 20 முதல் 40 டிகிரியில் இருக்கிறது. ஆகவே உருண்டையைக் கட்டிக்குச் சற்று வெளியே வளரவிட்டு, நரம்பையோ குடலையோ தொடும் முன் நிறுத்துகிறார்கள். குளிர் மரக்கச் செய்வதால் சிகிச்சையின்போதும் அதற்கடுத்த நாளும் சுடும் முறையைவிட வலி குறைவு. இவ்வளவும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது.

ஆதாரம் என்ன என்ற கேள்வி நியாயமானது; அதை மழுப்ப மாட்டேன். 2013இல் வெளிவந்த கால்ஸ்ட்ராம் குழுவின் பல்மைய ஆய்வில் 61 பேரின் 69 கட்டிகள் உறையவைக்கப்பட்டன. பத்துக்கு 7.1 ஆக இருந்த மிகமோசமான வலி ஒரு வாரத்தில் 5.1, நான்கு வாரத்தில் 4, எட்டு வாரத்தில் 3.6, இருபத்து நான்கு வாரத்தில் 1.4 என்று இறங்கியது. பெரிய சிக்கல் ஒருவருக்கு, எலும்பில் தொற்று. 2021இல் மோஷன் என்ற ஆய்வு, 66 பேரைச் சேர்த்து, எட்டாவது வாரத்தில் வலி சராசரியாக 2.6 புள்ளி குறைந்ததாகச் சொன்னது. குறை சொல்கிறவர்கள் சுட்டுவது சரிதான்: இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை, மோஷன் கருவி செய்யும் நிறுவனத்தின் பணத்தில் நடந்தது, இருபத்து நான்காவது வாரக் கணக்கில் உயிரோடு தொடர்ந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், அதனால் அந்த 1.4 பார்க்க அழகாக இருக்கிறது. நானும் அந்த எண்ணைவிட எட்டாவது வாரத்து எண்ணையே நம்புவேன். ஆனால் 'எல்லாம் நம்பிக்கை தந்த ஆறுதல்' என்ற சந்தேகத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது. குவிந்த ஒலியலையால் எலும்புக் கட்டியைச் சுடும் முறைக்கு 2014இல், 147 பேரிடம், பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டு ஆய்வு நடந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கும், கருவியை இயக்காமல் படுக்கவைக்கப்பட்டவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது. அது சூடு, இது குளிர் என்றாலும் இரண்டும் நம்பியிருப்பது ஒரே கொள்கையை: எலும்பும் கட்டியும் சேரும் விளிம்பை அழித்தால் அந்த இடத்து வலி அடங்கும். இத்தாலியில் 2015இல் 175 பேரின் பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வில், வலி முழுதும் மறைந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 11 விழுக்காடு, உறைவிப்பு மட்டும் பெற்றோரில் 32, இரண்டும் பெற்றோரில் 72. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு என்பதால் இதன் மேல் கோட்டை கட்ட முடியாது. ஆனால் கதிர்வீச்சும் உறைவிப்பும் போட்டியாளர்கள் அல்ல என்ற என் வாதத்துக்கு இது போதும். ஆதாரம் முழுமையாகும்வரை காத்திருப்போம் என்பவர்களிடம் ஒரு கேள்வி: கதிர்வீச்சு பலிக்காதவருக்கு மார்ஃபினை இரட்டிப்பாக்குவதற்கு எந்தப் பெரிய ஒப்பீட்டு ஆய்வைக் கையில் வைத்திருக்கிறீர்கள்?

'சாகப்போகிறவருக்கு இவ்வளவு எதற்கு' என்று வெளிப்படையாக யாரும் கேட்பதில்லை. 'ஆயுட்காலத்தைக் கருத்தில் கொண்டு' என்று கோப்பில் எழுதுகிறார்கள். இதில் ஒரு காலப்பிழை இருக்கிறது. எலும்பில் மட்டும் பரவிய மார்பகப் புற்றோடு, ஹார்மோன் மருந்தும் சோலெட்ரானிக் அமில ஊசியும் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் இன்று சாதாரணம். புராஸ்டேட் புற்றிலும் அப்படித்தான். 'எலும்புக்கு எறங்கிட்டு' என்ற தீர்ப்பு உருவான காலத்தில் இந்த மருந்துகள் இல்லை. மருந்து மாறியது, தீர்ப்பு மாறவில்லை. மூன்று வருடம் வாழப்போகிறவரைக் கடைசி வாரத்து நோயாளியைப் போல நடத்துவது கருணையாகாது. மறுபக்கம், உண்மையிலேயே சில வாரங்களே மிஞ்சியிருப்பவருக்கு இந்தச் சிகிச்சை கூடாது. ஆய்வுகளும் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது வாழக்கூடியவர்களைத்தான் எடுத்துக்கொண்டன. சில வாரங்களே மிஞ்சியிருப்பவருக்கு மார்ஃபின்தான், அதுவும் தாராளமாக, வீட்டுக்கே.

செலவு பற்றிய வாதத்தில் எனக்குத் தெரிகிற கோளாறு, அது ஊசியின் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறது என்பது. ஊசி ஒருமுறைதான் பயன்படும். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பெரிய கட்டிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டும். செலவு உண்டு. ஆனால் மாநகரத்துக்காரருக்கும் மாவட்டத்துக்காரருக்கும் ஒரே சிகிச்சையின் மதிப்பு ஒன்றல்ல. சென்னையில் இருப்பவர் பத்துத் தவணைக் கதிர்வீச்சுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். வலி திரும்பினால் அடுத்த வாரமே மருத்துவரைப் பார்க்கலாம். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்துக்காரருக்கு ஒவ்வொரு தவணையும் கூடவருகிறவரின் ஒரு நாள் கூலி. நம் நோயாளிகள் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறிச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போவது வழக்கம். இடுப்பெலும்பில் கட்டியோடு அந்த ரயிலில் ஒரு ராத்திரி. ஒரே அமர்வில் முடிகிற சிகிச்சை யாருக்கு அதிகம் உதவும்? தூரத்தில் இருப்பவருக்கும் திரும்ப வர முடியாதவருக்கும்தான். தூரத்தையே காரணம் காட்டித் தூரத்தில் இருப்பவருக்கு அதை மறுப்பது தலைகீழ்க் கணக்கு. விலையைப் பொறுத்தவரை, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலால் மருந்து விலையை என்ன செய்தது என்பது நாட்டுக்கே தெரியும், சி.டி. ஸ்கேன் மையங்களையும் அதுவே நடத்துகிறது. ஒரு மருத்துவமனை பத்து ஊசி கேட்டால் விற்பவன் சொல்வதுதான் விலை. மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து கேட்டால் பேச்சே வேறு. குளிரூட்டும் வாயு ஏதோ விண்வெளிச் சரக்கு என்ற பிரமையும் வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் இருக்கிற திரவ நைட்ரஜனைக் கலன்களில் வைத்துக்கொண்டுதான் நம் ஊர்க் கால்நடை மருந்தகங்கள் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகின்றன. அதைக் கொண்டே இயங்கும் உறைவிப்புக் கருவிகளும் இருக்கின்றன. பசுவுக்காகக் கிராமம்வரை போய்ச் சேர்ந்த குளிர் மருத்துவக் கல்லூரி வாசலில் மட்டும் எட்டாக்கனி ஆகிவிடுமா?

'முதலில் மார்ஃபின் எல்லா இடத்திலும் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது இருப்பதிலேயே மரியாதைக்குரிய எதிர்வாதம். ஆதரவுச் சிகிச்சைக்காக உழைக்கிறவர்களே இதைச் சொல்கிறார்கள், உயர்தொழில்நுட்பம் வந்தால் எளிய மருந்து மறக்கப்படும் என்ற பயத்தில். பயம் புரிகிறது. ஆனால் இந்த வரிசை முறையை நாம் வேறெந்த நோய்க்கும் கடைப்பிடிக்கவில்லை. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைத்த பிறகுதான் ஸ்டென்ட் என்று யாரும் காத்திருக்கவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் கேத் லேப் வந்தது, காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுத்தது, அதன் பக்கவிளைவாக ஆஸ்பிரினும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. வலிக்கு மட்டும் ஏன் வேறு நீதி? இறப்பு பதிவேட்டில் ஏறுகிறது, வலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மேலும், மார்ஃபினை ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமல் உறைவிப்புக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியாது. மருந்து கொடுத்து, கதிர்வீச்சு கொடுத்து, அதற்குப் பிறகும் அசைவு வலி பத்துக்கு நான்குக்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் தேர்வு முறை. அதாவது ஊசியை ஒழுங்காகப் பயன்படுத்த விரும்பும் மருத்துவமனை மார்ஃபினை ஒழுங்காகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி ஆபத்துகள். எதிர்ப்பவர்கள் இவற்றைச் சொல்வதைவிட ஆதரிப்பவர்கள் சொல்வது அவசியம். உடம்பெங்கும் பத்திருபது இடத்தில் வலிப்பவருக்கு இது பயன்படாது. தண்டுவடத்தை ஒட்டிய கட்டியில் பனி ஒரு சென்டிமீட்டர் தவறினால் கால் போய்விடும். அதற்காக நடுவே வாயுவோ நீரோ செலுத்தி விலக்குவது, வெப்பமானி வைப்பது என்று முறைகள் உண்டு, ஆனால் அவை கைதேர்ந்தவர்களின் வேலை. தண்டுவடம் ஏற்கனவே அழுந்திக் கால் தளர்கிறது என்றால் அது அவசர அறுவையோ அவசரக் கதிர்வீச்சோ கேட்கிற நிலை, ஊசிக்கு நேரமில்லை. முக்கியமாக எடை தாங்கும் எலும்புகள். உறைவிப்பு வலியைக் கொல்லும், எலும்பைக் கட்டாது. வலி போனதும் தொடையெலும்பில் எடை போட்டு நடந்து அது முறிந்தால், செய்த உதவி வினையாகிவிடும். 1989இல் மிரெல்ஸ் வகுத்த பன்னிரண்டு புள்ளி அளவுகோலில் ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் முதலில் கம்பி வைத்து நிறுத்த வேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். இடுப்புக் குழியிலும் முதுகெலும்பிலும் உறையவைத்த கையோடு எலும்புச் சிமெண்ட் நிரப்புவது நடைமுறை. இவற்றோடு நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: தேவையில்லாதவருக்கும் இதை விற்றுவிடுவார்கள். புதுக் கருவி வாங்கிய தனியார் மருத்துவமனை அதன் தவணையை யார் எலும்பிலிருந்து எடுக்கும் என்பது ஊரறிந்தது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு எதிர்வாதிகள் நினைப்பதற்கு நேர்மாறானது. விற்பனை ஆசை இல்லாத இடத்தில், அரசு மருத்துவமனையில், கதிர்வீச்சு மருத்துவரும் எலும்பு மருத்துவரும் கையெழுத்திட்ட பிறகே செய்யப்பட்டால், தவறான பயன்பாட்டுக்கு எதிரான அளவுகோலும் அங்கேயே உருவாகும். அரசு ஒதுங்கி நின்றால் அந்த அளவுகோலைச் சந்தை எழுதும்.

ஆள் எங்கே என்பது கடைசிக் கேள்வி; இதற்கு மட்டும் எளிய பதில் என்னிடம் இல்லை. ஊசியைப் படம் பார்த்துச் செலுத்தப் பழகிய இடையீட்டுக் கதிரியக்க மருத்துவர்கள் நாட்டிலேயே குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில். ஆனால் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வெறும் மாவட்ட ஆஸ்பத்திரி அல்ல. சி.டி. இருக்கிறது, கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது, எலும்பு அறுவைப் பிரிவும் மயக்க மருத்துவர்களும் இருக்கிறார்கள், உயர்சிறப்பு மருத்துவமனைக் கட்டடமும் எழுந்துவிட்டது. கல்லீரல் கட்டியில் சி.டி. பார்த்து ஊசி செலுத்தித் திசு எடுக்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் இடுப்பெலும்பின் எளிய கட்டிகளில் உறைவிப்பைக் கற்றுக்கொள்ள முடியாதவரல்ல. முதுகெலும்பைப் பெரிய மையங்களுக்கே விட்டுவிட்டு, விலா, இடுப்பு, தோள்பட்டை என்று ஆபத்துக் குறைந்த இடங்களிலிருந்து தொடங்கலாம். பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும், பயிற்சி முடித்தவரை இடமாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும்; இரண்டாவதுதான் கடினம் என்பது அரசுப் பணியை அறிந்த எவருக்கும் தெரியும். வாரத்தில் ஒரு மதியம் நான்கு துறையினரும் ஒரே அறையில் உட்கார்ந்து நோயாளியின் படத்தைப் பார்க்க வேண்டும், அவரை நான்கு வரிசையில் நிற்கவைக்காமல். காப்பீட்டுப் பட்டியலில் ஊசிக்கும் சிமெண்டுக்கும் பெயர் சொல்லித் தொகை ஒதுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகிற செவிலியர்கள் ஆதரவுச் சிகிச்சையும் பார்க்கிறார்கள். சிகிச்சை பெற்றவரின் வலியைப் பத்துக்கு எத்தனை என்று ஒன்று, நான்கு, எட்டு, இருபத்து நான்காம் வாரங்களில் அவர்களே கேட்டுக் குறித்துவரலாம். எத்தனை மார்ஃபின் மாத்திரை குறைந்தது, மறுபடி உட்கார்ந்து பீடி சுற்ற முடிகிறதா என்பதையும் சேர்த்து. எலும்பு முறிந்தவர்கள், தொற்று வந்தவர்கள், பலனே இல்லாதவர்கள் கணக்கும் அதில் வர வேண்டும். வலி அளவில் இரண்டு புள்ளி இறக்கம் நோயாளிக்கு உணரத்தக்கது என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை. ஓராண்டு முடிவில் எட்டாவது வாரத்து இறக்கம் அதற்குக் கீழே இருந்தால், ஊசி வாங்குவதை நிறுத்தி அந்தப் பணத்தை மார்ஃபினுக்கும் வீட்டுச் செவிலியருக்கும் திருப்பிவிடலாம். அந்த முடிவைப் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, இங்கே எடுத்த எண்களை வைத்து எடுக்க வேண்டும்.